பழைய ரூபாய் நோட்டுகள்: சேலத்துப் பெட்டிகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணைக்கு யாராவது ஒருவர் வந்துவிடுவார். கையில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் செய்தித்தாளில் மடித்த பொட்டலம், பொட்டலத்துக்குள் தாத்தாவோ அப்பத்தாவோ வைத்துவிட்டுப் போன நோட்டுகள். நான் முப்பது ஆண்டுகளாக இந்திய நோட்டுகளைச் சேர்த்துவருகிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். திண்ணையில் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

பரணில் பழைய நோட்டுகள் கிடைத்தன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது.

பட்டுத்தான் சொல்கிறேன். என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சனிக்கிழமை தோறும் கூலி பட்டுவாடா அவர் கையால்தான் நடக்கும். அவருடைய பச்சை ட்ரங்குப் பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. கல்லூரியில் படித்தபோது, அது பத்திரமாக இருக்கட்டும் என்ற ஆசையில் அதை லேமினேட் செய்துவிட்டேன். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளுக்குள் இறங்கிவிட்டது. இனி அதைப் பிரிக்க முடியாது. பிரித்தால் மையும் கூடவே உரிந்து வரும். தாத்தாவின் விரல் பட்ட தாளை நான் இன்றுவரை தொட முடியவில்லை.

செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தப் பெட்டியில், எந்தக் காகிதங்களோடு, யாருடைய நோட்டு கிடைத்தது என்பதை ஒரு தனித் தாளில் எழுதுங்கள். நோட்டின் மீது எழுதாதீர்கள். கூலிச் சிட்டையோ கடிதமோ கூட இருந்தால் பிரிக்காமல் சேர்த்தே வையுங்கள். அந்தச் செய்தி ஒருமுறை போனால் எந்த நிபுணராலும் திரும்பச் சொல்ல முடியாது.

நோட்டில் ஆண்டு போடவில்லையே, எந்தக் காலத்து நோட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2005 முதல் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டு இருக்கிறது. அதற்கு முந்தைய ரிசர்வ் வங்கி நோட்டுகளில் ஆண்டு கிடையாது. படம், நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் உருவம்), அளவு, கையெழுத்து ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மன்னர் தலை இருந்தால் பிரிட்டிஷ் காலம். ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. ஆனால் அதன் முதல் நோட்டு, ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஐந்து ரூபாய், 1938 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய மன்னர் தலை நோட்டுகள் எல்லாம் இந்திய அரசே வெளியிட்டவை. விடுதலைக்குப் பின் மன்னர் இடத்துக்கு அசோகர் தூணின் சிங்கத் தலை வந்தது. காந்தி சிரிக்கும் வரிசை 1996-இல் தொடங்கியது. அதற்கு முன்பே 1969-இல் நூற்றாண்டு நினைவு நோட்டிலும், 1987-இல் ஐந்நூறு ரூபாயிலும் காந்தி வந்துவிட்டார்.

இந்தக் கட்டத்துக்குள் ஆண்டைக் குறுக்கிக் காட்டுவது கையெழுத்து. நோட்டில் கையெழுத்திடும் ரிசர்வ் வங்கி ஆளுநர்களின் பதவிக் காலத்தை ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜே.பி. டெய்லர் 1937–43, சி.டி. தேஷ்முக் 1943–49, பெனகல் ராமராவ் 1949–57, எச்.வி.ஆர். அய்யங்கார் 1957–62, பி.சி. பட்டாச்சார்யா 1962–67, எல்.கே. ஜா 1967–70, எஸ். ஜகந்நாதன் 1970–75, கே.ஆர். பூரி 1975–77, ஐ.ஜி. படேல் 1977–82, மன்மோகன் சிங் 1982–85, ஆர்.என். மல்ஹோத்ரா 1985–90, எஸ். வெங்கிட்டரமணன் 1990–92, சி. ரங்கராஜன் 1992–97. நம் வீடுகளில் கிடைக்கும் நோட்டுகளில் முக்கால்வாசி இந்தப் பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

சேலத்தின் குகைப் பகுதியிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த நோட்டைச் சொல்கிறேன். பத்து ரூபாய். நான்காக மடித்து மடித்து, மடிப்பு சேரும் நடு இடத்தில் அரிசி அளவு ஓட்டை. பின்பக்கம் பாய்மரக் கப்பல். பழைய ஆட்கள் இதைக் கப்பல் நோட்டு என்பார்கள். சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். வெற்றிடமாகத் தெரிந்த வெள்ளைப் பகுதியில் சிங்கத் தலை மெல்ல எழுந்து வந்தது. பக்கத்தில் பாதுகாப்பு இழை கறுப்புக் கோடாக ஓடியது. கையெழுத்து பட்டாச்சார்யாவுடையது. நோட்டு பெரிய அளவு. 1967 வாக்கில் செலவைக் குறைக்க நோட்டுகளின் அளவைச் சுருக்கினார்கள். ஆகவே இது 1962-க்கும் 1967-க்கும் இடைப்பட்டது. இதைச் சொன்னதும் அந்த அம்மா, "எங்கள் அப்பா தறிக்கூலி வாங்கி அரைஞாண் பையில் மடித்து வைப்பார், அப்போது நான் மூன்றாம் வகுப்பு" என்றார். நான்காக மடித்த காரணமும் தெரிந்துவிட்டது. அதையும் ஒரு சீட்டில் எழுதி நோட்டோடு வைக்கச் சொன்னேன்.

ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ஆளுநர் கையெழுத்து ஏன் இல்லை?

ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது இந்திய அரசு. கையெழுத்திடுவது நிதித் துறைச் செயலாளர். சட்டத்தின் பார்வையில் அது தாளில் அடித்த நாணயம். அதனால்தான் "தருவதாக உறுதி கூறுகிறேன்" என்ற வாசகம் அதில் இருப்பதில்லை, நாணயத்தின் படம் இருக்கிறது. அந்த நாணயத்தில் உள்ள ஆண்டைப் படித்தாலே பெரும்பாலும் நோட்டின் ஆண்டு கிடைத்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை. விலையும் குறைவு, ஆண்டு வாரியாக அடுக்கவும் எளிது.

இந்த வழியில் ஒரு மகிழ்ச்சியான வேட்டையும் உண்டு. மன்மோகன் சிங், வெங்கிட்டரமணன் இருவரும் முதலில் நிதித் துறைச் செயலாளராகவும் பிறகு ஆளுநராகவும் இருந்தவர்கள். ஒருவரின் கையெழுத்தையே ஒரு ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி நோட்டிலும் பிடித்துப் பக்கத்தில் பக்கம் வைக்கலாம். ஒரு ரூபாய் அச்சு 1994-இல் நின்று 2015-இல் மீண்டும் வந்தது.

2 ரூபாய் 8 அணா நோட்டு என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. ரூபாய் நாணயம் வெள்ளியில் அடித்த காலம் அது. வெள்ளியை மிச்சப்படுத்த 1917 நவம்பர் 30 அன்று ஐந்தாம் ஜார்ஜ் நாணயப் படத்தோடு ஒரு ரூபாய் நோட்டு வந்தது. தொடர்ந்து 1918-இல் 2 ரூபாய் 8 அணா, அதாவது இரண்டரை ரூபாய். 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில் அது ஐந்து ரூபாயில் சரிபாதி. 1926-இல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டரை ரூபாய் நோட்டு இன்று மிக அரிது. யாராவது மலிவாகக் கொடுத்தால் போலி என்றே எண்ணிச் சோதியுங்கள்.

டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய்க்கும் 786 எண் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருகிறார்களாமே?

தரமாட்டார்கள். திண்ணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான், ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது. டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் புழங்கியது. பழைய நோட்டு விற்கும் எந்தக் கடையிலும் கட்டாகவே கிடைக்கும். 786-க்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு, அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலையும் உண்டு. லட்சம் என்பது வெறும் வலை.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் ஒருவருக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. நோட்டுக்கு மூன்று லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினார். அடுத்து வரி என்றார்கள். அதையும் அனுப்பினார். அது அவர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிப் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு வாங்குவதிலோ விற்பதிலோ தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் அந்த நொடியே அழைப்பைத் துண்டியுங்கள்.

அப்படியானால் எந்தக் கையெழுத்துதான் அரிது?

பதவியில் குறைந்த நாள் இருந்தவர்களுடையது. அமிதாவ் கோஷ் 1985-இல் 20 நாள்தான் ஆளுநர். அவர் கையெழுத்திட்ட பத்து ரூபாயை ஒவ்வொரு கட்டிலும் தேடுங்கள். 1970-இல் பி.என். அதார்க்கர் ஆறு வாரம் மட்டுமே இருந்தார். காந்தி நூற்றாண்டு நோட்டுகளில் அவர் கையெழுத்தும் உண்டு. அதே நோட்டில் ஜாவின் கையெழுத்து எளிதாகக் கிடைக்கும். காந்தியைப் பார்த்த மகிழ்ச்சியில் கையெழுத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது என்கிறார்கள், உண்மையா?

உண்மை. 1946-இல் செல்லாததாக்கப்பட்ட ஆயிரம் ரூபாய் 1954-இல் திரும்ப வந்தபோது, பின்பக்கத்தில் பெருவுடையார் கோயில் விமானம் ஏறியது. கூடவே வந்த ஐயாயிரத்தில் மும்பையின் இந்திய நுழைவாயில். 1978 ஜனவரி 16 அன்று ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் மூன்றும் செல்லாமல் போயின.

தமிழர்களுக்கு இந்த நோட்டின்மேல் தனி ஆசை. அதனால் போலியும் மிகுதி. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் பயன்படுத்துவது போன்றது. அசல் நோட்டில் கோபுரத்தின் கோடுகள் அறுபடாமல் ஓடும். கணினியில் அச்சிட்டதில் கோடு பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். நீர்க்குறி வெளிச்சத்தில் மட்டும் தெரிய வேண்டும். மேசைமேல் வைத்தாலே தெரிந்தால் அது மேலே அச்சடித்தது.

பர்மாவிலிருந்து வந்த பெரியப்பா பெட்டியில் வாழைமர நோட்டு இருக்கிறது. எந்த நாட்டுடையது?

வாழைமரம் போட்டது மலேயாவின் பத்து டாலர். போர்க்காலத்தில் ஜப்பானியர் அச்சிட்டது. எண்ணின் இடத்தில் எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறி இருக்கும். பர்மாவுக்கு அவர்கள் அச்சிட்டது ரூபாயில், பி என்ற எழுத்தில் தொடங்கும். ஜப்பான் தோற்றதும் எல்லாம் வெறும் தாளாயின. ஏராளமாக அச்சிட்டதால் இன்றும் விலை குறைவுதான். விலையை விடுங்கள். 1942-இல் பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்த தமிழர்கள் எத்தனையோ பேர். உங்கள் பெரியப்பா எப்போது, எப்படி வந்தார் என்பதை வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அதே பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் நோட்டின்மேல் பர்மாவில் மட்டும் செல்லும் என்றோ, பாகிஸ்தான் அரசு என்றோ கூடுதலாக அச்சிட்டிருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பாகிஸ்தானுக்கும் 1948 ஜூன் வரை நம் ரிசர்வ் வங்கியே மைய வங்கி.

2016-இல் செல்லாமல் போன 500, 1,000 நோட்டுகளைச் சேகரிப்பில் வைக்கலாமா?

அளவோடு வைக்கலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் மொத்தம் 10 நோட்டு வரை வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். கட்டாக வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

எண்ணுக்கு முன் நட்சத்திரம் இருக்கிறதே?

அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகக் கட்டில் சேர்த்தது. 2006 முதல் வழக்கத்தில் இருக்கிறது. செல்லும் நோட்டுதான். சில்லறையில் வந்தால் எடுத்து வையுங்கள், அதற்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

நோட்டின் நிலையை எப்படி மதிப்பிடுவது?

மடிப்பை எண்ணுங்கள். மடிப்பே இல்லாதது, ஒற்றை மடிப்பு, பல மடிப்பு, துவண்டது என்று நிலை இறங்க இறங்க விலையும் இறங்கும். ஸ்டேப்ளர் பின் போட்ட துளை கண்டு வருந்தாதீர்கள். வங்கிகள் கட்டுகளைப் பின் அடித்தே கொடுத்த காலம் நீண்டது. பழைய இந்திய நோட்டில் இடப்பக்கம் இரண்டு மூன்று துளை இயல்பு.

அஞ்ச வேண்டியது கஞ்சி போட்ட நோட்டுக்கு. கழுவி, கஞ்சி தோய்த்து, அழுத்திப் புதிதுபோல் விற்கிறார்கள். மொடமொடப்பு இருக்கும், ஆனால் அச்சின் மேடு பள்ளம் இருக்காது. அசல் புது நோட்டில் விரல் நுனிக்கு மையின் மேடு தட்டுப்படும். நெசவு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சியில் நின்ற விறைப்பையும் நூலின் சொந்த விறைப்பையும் தொட்டதுமே பிரித்துவிடுகிறார்கள்.

எப்படிப் பாதுகாப்பது? ஏற்காட்டில் இருக்கிறோம், நோட்டில் பழுப்புப் புள்ளி விழுகிறது.

அது பூஞ்சை. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி சன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊர் உங்களுடையது. மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும். நோட்டுகளை வெளிச்சுவர் ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நோட்டுகளை நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்தபின் டப்பாவில் போடுங்கள். பூச்சிக்குப் போடும் ரசகற்பூர உருண்டை நோட்டைத் தொடக் கூடாது.

கீழே சேலத்தில் சங்கடம் வேறு. சித்திரை வெயிலில் பி.வி.சி. உறைகள் இளகிப் பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டும். அதிலிருந்து கசியும் அமிலம் தாளை அரிக்கும். வாங்கும்போது பாலியெஸ்டர் உறையா என்று கேட்டு வாங்குங்கள். முகர்ந்தால் புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் உறை வேண்டாம்.

சேலத்தில் எங்கே தேடுவது?

கடைகளுக்கு முன் வீடுகள். லீ பஜார் மண்டிக் குடும்பங்களின் பழைய கல்லாப் பெட்டிகள், கணக்குப் பேரேடுகளின் மடிப்புகள், சாமி அறை உண்டியல்கள். பேரேட்டுக்குள் நோட்டுபோல் முத்திரை போட்ட நீளத் தாள் கிடைத்தால் அவசரப்படாதீர்கள், அது இன்னாருக்குப் பணம் கொடு என்று வணிகர்கள் எழுதிய உண்டியல் (ஹுண்டி) பத்திரமாக இருக்கலாம். அதுவும் சேகரிக்கத் தக்கதே. பழைய பேப்பர் கடைக்குப் பேரேடுகளை எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாக வெட்டி ஒட்டிய நோட்டு கிடைத்தது. பழுதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு நோட்டாக இருந்தால் அதுவே அதன் வரலாறு. தபாலில் பணம் தொலையாமலிருக்க நோட்டை நடுவே வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்தபின் மறுபாதி போகும். பெற்றவர் ஒட்டிக்கொள்வார். 1861 காகிதப் பணச் சட்டத்துக்குப் பின் வந்த அந்தப் பெரிய நோட்டுகளில் ஒரு பக்கம்தான் அச்சு. மதராஸ், கல்கத்தா, பம்பாய் என்று வெளியிட்ட வட்டத்தின் (பகுதியின்) பெயரும் இருக்கும். ஒட்டைப் பிரிக்காதீர்கள்.

ஏழு வயது மகளுக்கு இதை எப்படி அறிமுகப்படுத்துவது?

இன்று கையிலிருக்கும் நோட்டிலிருந்து தொடங்குங்கள். பின்பக்கம் மொழிப் பட்டியில் 15 வரி. தமிழ் எங்கே என்று கேளுங்கள். ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருப்பதால் கீழிருந்து மூன்றாவது. அடுத்து 1980-களின் நோட்டு ஒன்றைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். 13 வரிதான் வரும். எந்த இரண்டு புதிதாகச் சேர்ந்தன என்று அவளே கண்டுபிடிக்கட்டும். கொங்கணியும் நேபாளியும். என் பேத்திக்கு அரை மணி நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் லென்ஸைக் கீழே வைக்கவே மறுத்துவிட்டாள்.

மொய்க் கவரில் ஒட்டிய ஒரு ரூபாய் நோட்டை எப்படிப் பிரிப்பது?

தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், ஆவியும் காட்டாதீர்கள். கவரின் தாளை நோட்டைச் சுற்றிக் கத்தரித்து, அப்படியே உறையில் இடுங்கள். கவரில் யார் கல்யாணம், என்ன தேதி என்று எழுதியிருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்துக் கத்தரியுங்கள்.